கிணறு ஊறும் வேகமும் உப்பும்: அளந்து பார்த்த அனுபவம்

சொட்டுநீர்க் குழாயில் டிரிப்பர்களின் வாயை வெள்ளைப் படிவம் அடைத்துக்கொண்டிருந்தது. பீன்ஸ் இலைகளின் ஓரம் தீய்ந்து பழுப்பாகிக்கொண்டிருந்தது. அதே தண்ணீர் குடித்த தக்காளிக்கு ஒன்றும் ஆகவில்லை. படிவத்தைச் சுரண்டி எடுத்து அதன்மேல் ஒரு சொட்டு வினிகர் விட்டேன், நுரைத்தது. அப்படி நுரைத்தால் அது கால்சியம் கார்பனேட். நுரைக்காமல் வழவழப்பாக இருந்தால் பாசி அல்லது பாக்டீரியாக் கசடு, அதற்கு மருத்துவம் வேறு. ஆக, பிரச்சினை தண்ணீரில்தான் என்பது வரை தெரிந்துவிட்டது. வடிகட்டியை மாற்று, குழாயை மாற்று என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். எனக்கு முதலில் கிணற்றை அளக்கவேண்டும் என்று தோன்றியது. எவ்வளவு ஊறுகிறது, எந்த ஆழத்தில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று தெரியாமல் மேலே எதை மாற்றினாலும் அது குருட்டு வேலை.

கிணறு வட்டமானது, 6 மீட்டர் விட்டம், மேலே கட்டுச்சுவர், கீழே பாறை. தினமும் ஒரே மூச்சில் 2 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் மோட்டாரை ஓட்டி, 60 கன மீட்டர் அளவுக்குத் தொட்டியில் ஏற்றி, அங்கிருந்து பாசனம் செய்வதே வழக்கம்.

நீர்மட்டம் அளக்க ஒரு கருவி தேவைப்பட்டது. இரண்டு கம்பி உள்ள மெல்லிய மின்வயர், அதன் ஒரு முனையில் ஒரு சிறிய பேட்டரியும் ஓர் எல்இடி விளக்கும், அவ்வளவுதான். மறுமுனையில் இரண்டு கம்பிகளையும் ஒரு விரல் இடைவெளியில் உரித்துவிட்டு, நேராக இறங்குவதற்காக ஒரு கனத்தைக் கட்டினேன். கம்பிமுனைகள் தண்ணீரைத் தொட்டதும் விளக்கு எரியும். வயரில் ஒவ்வொரு 10 சென்டிமீட்டருக்கும் நிறநாடா சுற்றியிருக்கிறேன், இடைப்பட்டதை அடிக்கோலால் பார்த்துக்கொள்ளலாம். நீரில் உப்பு இருந்தால் விளக்கு நன்றாக எரியும், சுத்தமான மழைநீரில் மங்கலாகத்தான் எரியும். அதுவும் ஒரு தகவல்தான்.

இதில் எல்லோரும் விட்டுவிடும் சின்ன விஷயம் ஒன்று உண்டு. கிணற்றுச் சுவரின் மேல் ஒரே ஒரு புள்ளியைப் பெயின்டால் குறித்து, எப்போதும் அங்கிருந்தே அளக்கவேண்டும். சுவர் சமமாக இருக்காது. இன்றைக்கு இந்தப் பக்கமும் நாளைக்கு அந்தப் பக்கமும் அளந்தால் வரும் வித்தியாசம் கிணற்றுடையதா சுவருடையதா என்று தெரியாது. இன்னொன்று, எந்த அளவையும் மேலே நின்றே எடுங்கள். கிணற்றுக்குள் இறங்கவேண்டிய வேலை இதில் எதுவுமே இல்லை, உள்ளே நச்சுவாயு தேங்கி நின்றால் மூக்குக்குத் தெரியாது.

அடுத்தது ஊறும் வேகம். இதற்கு மீட்புச் சோதனை என்று பெயர். பழைய முறை, ஆனால் திறந்த கிணற்றுக்கு இதைவிட எளிதானது இல்லை. மோட்டாரை ஓட்டி மட்டத்தை இயல்பு நிலையிலிருந்து 3 மீட்டர் இறக்கி நிறுத்தினேன். பிறகு மணிக்கொரு முறை, இயல்பு மட்டத்துக்கு இன்னும் எவ்வளவு பாக்கி என்று குறித்தேன். நிறுத்தியபோது 3.00 மீட்டர், ஒரு மணி நேரத்தில் 2.64, இரண்டில் 2.32, நான்கில் 1.80. முதல் மணியில் 36 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது, அடுத்த மணியில் 32. போகப்போக மந்தமாகிறது. காரணம் எளிமையானது: கிணற்றுக்கு வெளியே மண்ணிலும் பாறை இடுக்கிலும் நிற்கும் நீர்மட்டத்துக்கும் உள்ளே இருக்கும் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. வித்தியாசம் குறையக் குறையத் தள்ளலும் குறையும். மணல் வழியாக நீர் பாயும் வேகம் அந்த வித்தியாசத்தின் விகிதத்தில் இருக்கும் என்று 1856-இல் ஆன்றி தார்சி என்ற பிரெஞ்சுப் பொறியாளர் சோதனை செய்து எழுதியதுதான் நிலத்தடி நீர்க் கணக்குகளுக்கெல்லாம் அடித்தளம்.

கணக்கு இப்படி. கிணற்றின் பரப்பு 28.3 சதுர மீட்டர். தொடக்கத் தாழ்வை முடிவுத் தாழ்வால் வகுத்தால் 3.00 ÷ 1.80 = 1.667. அதன் இயற்கை மடக்கை 0.511. அதைப் பரப்பால் பெருக்கி 4 மணி நேரத்தால் வகுத்தால் 3.6 வருகிறது. அதாவது மட்டம் ஒரு மீட்டர் தாழ்ந்திருந்தால் மணிக்கு 3.6 கன மீட்டர் ஊறும், இரண்டு மீட்டர் தாழ்ந்திருந்தால் 7.2. ஒரு மணி நேர அளவையும் இரண்டு மணி நேர அளவையும் தனித்தனியே போட்டாலும் ஏறக்குறைய இதே எண் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வந்தால் சோதனை நம்பகமானது. வராவிட்டால் சுவரின் மேல்பகுதியில் ஏதோ ஊற்று தனியாகக் கொட்டுகிறது, அல்லது பக்கத்தில் வேறொருவர் இறைத்துக்கொண்டிருக்கிறார். இந்த எண் நிரந்தரமும் அல்ல. கோடையில் வெளிமட்டமே கீழே போனால், தண்ணீர் வரும் இடுக்குகளில் மேலுள்ளவை வறண்டுபோகும், எண்ணும் சுருங்கும். ஆகவே பருவத்துக்கொரு முறை இதைத் திரும்பச் செய்யவேண்டும்.

இதுவரை பார்த்தால், கிணற்றை ஆழமாக இறைத்துவிட்டால் வேகமாக ஊறும், அதனால் முழுக்க இறைப்பதுதான் கெட்டிக்காரத்தனம் என்று தோன்றும். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். மறுபக்கத்தைப் பார்க்க உப்பை ஆழவாரியாக அளக்கவேண்டும்.

ஆழத்திலிருந்து மாதிரி எடுக்க ஒரு பாட்டில் போதும். பாட்டிலின் அடியில் கனம் கட்டி, வாயில் ரப்பர் மூடியை மிதமாக அழுத்தி, பாட்டிலுக்கு ஒரு கயிறும் மூடிக்கு இன்னொரு கயிறும் கட்டினேன். வேண்டிய ஆழம் போனதும் மூடிக்கயிற்றை வெடுக்கென்று இழுத்தால் திறந்துகொள்ளும். குமிழி வருவது நின்றதும் மேலே தூக்கலாம். வரும் வழியில் மேல்நீர் கொஞ்சம் கலக்கும், இந்த வேலைக்கு அது பொருட்டல்ல.

அளந்தது மின்கடத்துதிறனை, எல்லோரும் சொல்லும் ஈசி. தண்ணீரில் கரைந்த உப்பு கூடக்கூட மின்சாரம் எளிதாகப் பாயும். கையடக்க மீட்டர் போதும், ஆனால் 1413 மைக்ரோசீமென்ஸ் அளவுத்திருத்தக் கரைசலில் முக்கிச் சரிபார்த்துவிட்டுத்தான் நம்பவேண்டும். வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் ஈசி ஏறக்குறைய 2 சதவீதம் ஏறும், அதனால் 25 டிகிரிக்குத் திருத்திக் காட்டும் மீட்டராகப் பாருங்கள். டிடிஎஸ் (கரைந்த மொத்தத் திடப்பொருள்) மீட்டர் என்று விற்பதும் உள்ளுக்குள் ஈசியைத்தான் அளக்கிறது. ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது, அந்த எண் மீட்டருக்கு மீட்டர் மாறும். அதனால் நான் ஈசியாகவே குறித்துக்கொள்கிறேன்.

ஓய்வில் இருந்த கிணற்றில் மேல்மட்டத்தில் மீட்டருக்கு 1.0 டெசிசீமென்ஸ், அதாவது சென்டிமீட்டருக்கு 1000 மைக்ரோசீமென்ஸ். 2 மீட்டர் கீழே 1.2. அடிக்கு அருகில் 2.3! ஒரே கிணற்றுக்குள் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். உப்பு நீர் கனமானது, அதனால் அடியில் தங்கும். அதோடு, ஆழத்துப் பாறை இடுக்கில் நெடுநாள் நின்ற நீர் தாதுக்களை அதிகம் கரைத்து வைத்திருக்கும், மேலே வருவதோ அண்மையில் பெய்த மழை. மோட்டார் ஓடும்போது வெளிவாயில் அளந்ததில் தொடக்கத்தில் 1.4, இறைப்பு முடியும் நேரத்தில் 1.9. உறிஞ்சு குழாயின் கீழ்முனையில் உள்ள ஃபுட் வால்வு அடிக்கு அருகில் இருந்ததால் மோட்டார் தொடக்கத்திலிருந்தே மோசமான நீரையும் சேர்த்துப் பிடித்தது. மட்டம் தாழத் தாழ ஆழத்து இடுக்கிலிருந்து வரும் பங்கும் கூடியது.

இரண்டு அளவையும் ஒரே தாளில் எழுதியபோதுதான் விஷயம் தெளிவானது. ஆழமாக இறைத்தால் வேகமாக ஊறும், ஆனால் உப்பாக ஊறும். தினமும் வேண்டியது 60 கன மீட்டருக்குச் சற்றுக் குறைவுதான். மணிக்கு 3.6 என்ற எண்ணை வைத்துப் பார்த்தால், சராசரியாக 70 சென்டிமீட்டர் தாழ்வில் கிணற்றை வைத்திருந்தாலே 24 மணி நேரத்தில் அந்தத் தண்ணீர் வந்துவிடும். 2 மீட்டர் வரை இறக்கவேண்டிய அவசியமே கிடையாது. நாள் முழுவதும் ஊறுவதை ஒரே நேரத்தில் எடுக்காமல், ஊற ஊற எடுத்தால் போதும்.

அதற்கு முன் ஆய்வகத் தாளைப் பற்றிக் கொஞ்சம். ஈசி மொத்த உப்பைச் சொல்லும், எந்த உப்பு என்று சொல்லாது. பழைய முறையில் இறைத்த நீரை, ஈசி 1.6 இருந்தபோது, அதே நீரில் அலசிய பாட்டிலில் காற்று இல்லாமல் நிரப்பி, குளிர்ச்சியாக வைத்து அனுப்பினேன். லிட்டருக்கு மில்லிகிராமில் வந்தவை: கால்சியம் 50, மெக்னீசியம் 36, சோடியம் 235, பைகார்பனேட் 457, குளோரைடு 230, சல்பேட் 72, நைட்ரேட் 31.

தாள் வந்தவுடன் நான் செய்வது, அந்தத் தாளையே சோதிப்பது. ஒவ்வொன்றையும் அதன் சமான எடையால் வகுக்கவேண்டும்: கால்சியத்துக்கு 20, மெக்னீசியத்துக்கு 12.15, சோடியத்துக்கு 23, பைகார்பனேட்டுக்கு 61, குளோரைடுக்கு 35.5, சல்பேட்டுக்கு 48, நைட்ரேட்டுக்கு 62. நேர்மின் அயனிகளின் கூட்டல் கொஞ்சமுள்ள பொட்டாசியத்தையும் சேர்த்து 15.9, எதிர்மின் அயனிகளின் கூட்டல் 16.0. தண்ணீரில் மின்னூட்டம் இரண்டு பக்கமும் சமமாகத்தான் இருக்கமுடியும். 5 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் தாளில் ஏதோ தப்பு, திருப்பிக் கேளுங்கள். இன்னொரு குறுக்குவழி: இந்தக் கூட்டல் ஈசியின் 10 மடங்குக்கு அருகில் இருக்கவேண்டும். 16, சரி.

சோடியம் ஈர்ப்பு விகிதம் மண்ணுக்கான அளவு. மேலே வகுத்து வந்த எண்களில் சோடியம் 10.2-ஐ, கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்த 5.5-இன் பாதியின் வர்க்கமூலத்தால் வகுத்தால் 6.2. சோடியம் அதிகமானால் களிமண் துகள்கள் பிரிந்து, மண்ணின் துளைகளை அடைத்து, தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலே தேங்கும். இந்த விகிதத்தை ஈசியோடு சேர்த்துத்தான் படிக்கவேண்டும், ஏனென்றால் உப்பு குறைந்த நீரில் இதே விகிதம் அதிகக் கெடுதல் செய்யும். இங்கே நடுத்தரமான சிக்கல். எஞ்சிய சோடியம் கார்பனேட் இன்னொரு எண்: பைகார்பனேட் 7.5-இலிருந்து 5.5 போக 2.0. 1.25 வரை நல்லது, 2.5-க்கு மேல் போனால் பாசனத்துக்கு ஆகாது என்பது 1954-இல் அமெரிக்க உப்புமண் ஆய்வகம் வெளியிட்ட கையேட்டிலிருந்து வரும் வரம்பு. நாம் நடுவில் நிற்கிறோம். அந்தப் பைகார்பனேட்தான் காற்றுப் பட்டதும் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு டிரிப்பரில் வெள்ளையாக உட்கார்ந்தது.

பீன்ஸ் ஏன் வாடியது, தக்காளி ஏன் வாடவில்லை என்பதற்கும் எண் இருக்கிறது. வேர்மண்டலத்தின் ஈசி 1.0-ஐத் தாண்டினாலே பீன்ஸ் விளைச்சல் சரியத் தொடங்கும். வெங்காயத்துக்கு 1.2, மக்காச்சோளத்துக்கு 1.7, தக்காளிக்கு 2.5, பருத்திக்கு 7.7, பார்லிக்கு 8. தண்ணீரின் ஈசி இதில் மூன்றில் இரண்டு பங்குக்குள் இருக்கவேண்டும் என்பது பொதுக்கணக்கு. உப்பை வேருக்குக் கீழே தள்ள எவ்வளவு நீர் கூடுதலாகப் பாய்ச்சவேண்டும் என்பதற்கும் ஒரு வாய்பாடு உண்டு: நீரின் ஈசியை, பயிரின் வரம்பின் 5 மடங்கிலிருந்து நீரின் ஈசியைக் கழித்து வருவதால் வகுக்கவேண்டும். 1.6 நீரில் தக்காளிக்கு 15 சதவீதம், பீன்ஸுக்கு 47 சதவீதம். பாய்ச்சுவதில் பாதியை வீணாகக் கீழே அனுப்பி ஒரு பயிரை வளர்ப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. அப்படித் தள்ளிய உப்பு திரும்பவும் நிலத்தடி நீரில்தான் போய்ச் சேரும்.

உப்பின் எடையைப் போட்டுப் பார்த்தபோது கொஞ்சம் திகைத்தேன். ஈசி 1.6 என்றால் லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிராம் உப்பு. ஒரு ஹெக்டேரில் 100 மில்லிமீட்டர் பாய்ச்சினால் 1000 கன மீட்டர், அதாவது நிலத்தில் கொட்டியது ஒரு டன் உப்பு. கண்ணுக்குத் தெரியாமல்! அதே 1000 கன மீட்டரில் நைட்ரேட் வழியாக 7 கிலோ தழைச்சத்தும் வந்துவிடுகிறது, உரக்கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம். குடிக்கிற நீர் என்றால் உலக சுகாதார நிறுவனத்தின் நைட்ரேட் வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம். ஃபுளோரைடும் ஆர்செனிக்கும் தனியாகப் பார்க்கவேண்டியவை, நாக்குக்கும் ஈசி மீட்டருக்கும் அவை தெரியாது. அவற்றுக்கு வரம்பு முறையே 1.5 மில்லிகிராம், 0.01 மில்லிகிராம்.

சரி, செய்த மாற்றங்கள். ஃபுட் வால்வை அடியிலிருந்து மேலே கொண்டுவந்து, ஒரு காலிக் கேனில் கட்டி மிதக்கவிட்டேன். வளையக்கூடிய குழாய் போட்டதால் மட்டத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும், நீர்ப்பரப்புக்கு ஒரு மீட்டர் கீழேயே நிற்கும். அதற்கும் மேலே வைத்தால் சுழி விழுந்து காற்றை உறிஞ்சும். உறிஞ்சு குழாய் எடைக்கு ஏற்றபடி கேனின் அளவைப் பார்த்துக்கொள்ளவேண்டும்.

பிறகு இரண்டு மிதவை சுவிட்சுகள். இயல்பு மட்டத்துக்கு 40 சென்டிமீட்டர் கீழே வரை ஊறியதும் மோட்டார் ஓடத் தொடங்கும், 1 மீட்டர் தாழ்ந்ததும் நிற்கும். மோட்டார் மணிக்கு 30 கன மீட்டர் இறைப்பது. 60 சென்டிமீட்டர் இறங்க முக்கால் மணி நேரத்துக்குள் போதும், திரும்ப ஊற ஏறக்குறைய 7 மணி நேரம். ஆக நாளுக்கு மூன்று தடவை, தடவைக்கு 18 கன மீட்டருக்கு மேல். மொத்தத்தில் பழைய அளவுக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. மோட்டார் ஓடும் மொத்த நேரமும் கிட்டத்தட்ட அதேதான், உயர்த்தும் ஆழம் குறைந்ததால் மின்சாரம் சற்று மிச்சம். மின்சாரம் குறிப்பிட்ட வேளையில் மட்டும் கிடைக்கிற இடத்தில் இந்த ஏற்பாடு அப்படியே பொருந்தாது. அங்கே ஃபுட் வால்வை மிதக்கவிடுவதை மட்டுமாவது செய்யலாம்.

வெளிவாயில் ஈசி 1.2-க்கும் 1.3-க்கும் இடையே வந்து நின்றது. தக்காளிக்கான கூடுதல் நீர் 12 சதவீதமாகக் குறைந்தது. பீன்ஸுக்கு இன்னும் 35 சதவீதம், அதனால் அதை இந்தத் தண்ணீரில் இனி வைப்பதில்லை என்று முடிவு. எஞ்சிய சோடியம் கார்பனேட்டுக்கு ஜிப்சம். ஒரு அலகு குறைக்க 1000 லிட்டருக்குச் சுத்தமான ஜிப்சம் 86 கிராம் வேண்டும். பழைய தாளின்படி 0.75 அலகு குறைக்க 65 கிராம் வருகிறது. இப்போது நீர் மாறிவிட்டதால் புதிய தாள் வந்த பிறகே போடப்போகிறேன். டிரிப்பர்களைச் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துச் சுத்தம் செய்தாயிற்று. எந்த அமிலமானாலும் தண்ணீரில் அமிலத்தை ஊற்றவேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக்கூடாது.

மழைநீரைக் கிணற்றுக்குள் விடுவதைப் பற்றி நிறைய பேர் பெரிய எதிர்பார்ப்போடு பேசுவார்கள். 120 சதுர மீட்டர் கூரை, 40 மில்லிமீட்டர் மழை, ஐந்தில் ஒரு பங்கு வீண் என்றால் 3840 லிட்டர். இந்தக் கிணற்றில் அது 14 சென்டிமீட்டர்கூட இல்லை. அளவைப் பார்த்தால் சொற்பம். ஆனாலும் நல்ல நீர் மேலேயே தங்குவதால், மிதக்கும் ஃபுட் வால்வுக்கு அது நேரடியாகக் கிடைக்கிறது, மழைக்குப் பிறகு மேல்மட்ட ஈசி 0.7 வரை இறங்கியதைப் பார்த்தேன். கூரைநீரை முதல் அலசலை வெளியே விட்டுவிட்டு, கூழாங்கல், சரளை, பெருமணல் என்று அடுக்கிய குழி வழியாகத்தான் விடுகிறேன். வயல்நீரை எந்த வடிகட்டி போட்டும் நேரே கிணற்றில் விடமாட்டேன். உரமும் பூச்சிமருந்தும் மணலில் நிற்காது. வயல்நீர் மண்ணில் தானாக ஊறிப் போகட்டும், வரப்பை உயர்த்தினால் போதும்.

சரிவின் கீழே ஒரு சிற்றோடை. மழை நின்ற பிறகும் நெடுநாள் அதில் நீர் ஓடும். தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயால் மட்டம் பிடித்துப் பார்த்ததில், கிணற்றின் இயல்பு மட்டம் ஓடைப் படுகையைவிடக் கொஞ்சம்தான் உயரம். அந்த வித்தியாசம்தான் வறண்ட காலத்தில் ஓடையை ஓடவைக்கிறது. பழையபடி தினமும் 2 மீட்டர் இறக்கியபோது, பல மணி நேரம் கிணற்றுமட்டம் படுகைக்குக் கீழே இருந்திருக்கிறது, அப்போது நீர் ஓடைப்பக்கமிருந்து கிணற்றை நோக்கித் திரும்பியிருக்கும். இந்த ஒரு கிணற்றால் ஓடை நின்றுவிடும் என்று சொல்லவரவில்லை. வேண்டிய அளவை ஊற ஊற எடுத்தால் தாழ்வு ஒரு மீட்டரோடு நிற்கும், அவ்வளவுதான். மொத்தத்தில் எடுப்பது ஊறுவதைவிடக் கூடினால் எந்த சுவிட்சும் காப்பாற்றாது.

இறைக்கும் நீரை மெல்லிய துணியில் வடித்து உருப்பெருக்கியில் பார்த்தபோது கோப்பிபாட் என்ற, இறாலுக்கு உறவான நுண்ணிய உயிரிகள் நெளிந்தன. நிலத்தடியிலேயே காலங்காலமாக வாழ்பவற்றுக்குப் பெரும்பாலும் கண் இருக்காது, நிறமும் இருக்காது. இவற்றில் பல, மணல் இடுக்குகளில் உள்ள நுண்ணுயிர்ப் படலத்தை மேய்பவை. கிணற்றில் கண்டபடி பிளீச்சிங் பவுடர் கொட்டுபவர்கள் இதையும் ஒரு தடவை பார்க்கலாம்.

இப்போது சுவரில் தொங்கும் நோட்டில் ஐந்து பத்திகள்: தேதி, மழை, மோட்டார் ஓடுவதற்கு முன் மட்டம், நின்றபின் மட்டம், வெளிவாயின் ஈசி. அடுத்து கோடையில் மீட்புச் சோதனையைத் திரும்பச் செய்யவேண்டும். 3.6 என்ற எண் 2.5-க்குக் கீழே போனால் இதே தாழ்வில் 40 கன மீட்டர்தான் கிடைக்கும். சுவிட்சைக் கீழே இறக்கப்போவதில்லை, பயிர்ப்பரப்பைத்தான் குறைக்கவேண்டியிருக்கும். எந்தப் பாத்தியை முதலில் விடுவது என்று இப்போதே குறித்துவைத்திருக்கிறேன்.